இரவல் கெட்டிக்காரி

“உம் பேரு இன்னா?”

“நாகரத்தினம் சார்.”

“அடச்சே! நாகரத்தினத்த உங்க ஊட்லயே வெச்சிட்டு வா. உம் பேரு கஸ்தூரி. சொல்லு.”

“கஸ்தூரி சார்.”

“அப்பன் பேரு?”

“கோவிந்... இல்ல சார், ஏழுமலை சார்.”

ஆரணி ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எனக்கு இந்தப் பாடத்தை நடத்தியவர் அக்கரைப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். நான் பின்னால் கேரியரில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். சக்கரம் மணலில் புதைந்து மனுஷனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் என்னை இறங்கி நடக்கச் சொல்லவில்லை. பாவாடையில் மண் படக் கூடாதாம்.

என் மடியில் மந்தார இலைப் பொட்டலம் சூடாக இருந்தது. ஊத்துக்கோட்டை ஓட்டலிலிருந்து வாங்கி வந்த இட்லியும் வடகறியும். பட்டை, சோம்பு வாசனை இலையைத் தாண்டி மூக்கில் ஏறியது. அந்த வாசனைக்காக நான் கஸ்தூரியாக மட்டுமல்ல, கஸ்தூரியின் அப்பன் ஏழுமலையாகக்கூட நிற்கத் தயாராக இருந்தேன்.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்து மணியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: “அறிவுக்கூர்மையுள்ள பிள்ளைகளை அந்தக் காலத்து அரசுப் பள்ளிகளில் எப்படி அடையாளம் கண்டார்கள்? அவர்களுக்கென்று தனியாக என்ன செய்தார்கள்?”

அம்மணி, அடையாளம் கண்டது தொண்டையை வைத்து. தனியாகச் செய்தது, இரவல் கொடுத்தது. விவரமாகச் சொல்கிறேன்.

தொண்டையில் இருந்த மூளை

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உண்டு. ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூடம். ஆறாம் வகுப்பு வாத்தியார் கேட்கும் கேள்விக்கு எட்டாம் வகுப்பிலிருந்து நான் பதில் சொல்லிவிடுவேன். அவர் திரும்பி முறைப்பார். நான் மேலே கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“பொறக்கும்போதே வாயத் தொறந்துகினு பொறந்தது, இன்னும் மூடல” என்பாள் அம்மா.

இந்த வாயால்தான் எனக்கு டபுள் பிரமோஷன் கிடைத்தது. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால் அவர்களை முந்திக்கொண்டு நான் முடித்துவிடுவேன். இரண்டாம் வகுப்பு டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் என் கையைப் பிடித்துப் பெரிய சாரிடம் இழுத்துப் போனார். பெரிய சார் என்றால் எங்கள் தலைமையாசிரியர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

“சார், இத எங்கினா தள்ளி வுடுங்க. எனக்கு ஒரே பேஜாரா கீது.”

மூன்றாம் வகுப்பு டீச்சரும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டதால் நேராக நாலாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஊருக்குள் ‘ரெண்டு கிளாஸ் தாண்டின கெட்டிக்காரப் பொண்ணு’ என்று பேர் பரவிவிட்டது. மூன்றாம் வகுப்பில்தான் கடிகாரம் பார்க்கச் சொல்லித் தருவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ரொம்ப வருஷத்துக்கு யாராவது மணி கேட்டால், “நீங்களே பாத்துக்குங்க” என்று திமிராகச் சொல்லிச் சமாளித்து வந்தேன்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு அப்போது கிடைத்த சலுகைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் வகுப்பு டீச்சர் லீவு போட்டால் நான்தான் முதல் வகுப்பு டீச்சர். பால் பவுடர் கரைக்கும் நாளில் கட்டி தட்டாமல் கலக்குவது நான். வேலை என்று எது வந்தாலும் “நாகரத்தினம் செய்யும்” என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

பிற்பாடு, எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக முளைத்த ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஆபீஸ் வேலை. அப்ரண்டிஸ் பையன்களைத் தேர்வு செய்ய ஒரு இஞ்சினியர் வந்திருந்தார். வரிசையில் நின்றவர்களில் யார் கணீரென்று பதில் சொன்னானோ அவனை முதல் ஆளாக எடுத்தார். நான் டைப் அடித்துக்கொண்டே சிரித்தேன். ஒரே மாதத்தில் அந்தப் பையனை மிஷின் பக்கமே வராதே என்று கேன்டீனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவன் தொண்டைக்கு நல்ல வேலை இருந்தது.

சரி, ஆற்று மணலுக்கே வருகிறேன்.

மச்சான் கேட்டால் எப்படி மறுப்பது

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் அப்போது எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஜுரம் வரும். அதிலும் அந்த வருஷங்களில் வரும் இன்ஸ்பெக்டர்கள் முதலில் கேட்பது, “எட்டாம் வகுப்பில் பெண் குழந்தைகள் எத்தனை பேர்? எழுந்து நிற்கச் சொல்லுங்கள்” என்பதுதான். வருகைப் பதிவில் பெண்கள் இருப்பார்கள். பெஞ்சில் இருக்க மாட்டார்கள். கடலை பிடுங்கவோ நாற்று நடவோ போயிருப்பார்கள். அப்படியே ஒன்றிரண்டு பேர் வந்தாலும் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அதனால் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. கணீரென்று பதில் சொல்லும் பெண்ணை அக்கம்பக்கத்துப் பள்ளிகள் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொள்ளும். வராத பெண்ணின் பேருக்கு இந்தப் பெண் எழுந்து நிற்கும். எங்கள் வட்டாரத்தில் அந்த இரவல் பெண் நான்.

அக்கரைத் தலைமையாசிரியரின் தங்கையைத்தான் பெரிய சார் கட்டியிருந்தார். பெண் கொடுத்த வீட்டு மச்சான் வந்து நின்றால் எப்படி மறுப்பது? என்னை இரவல் வாங்கும் இன்னொருவர் ரோட்டு மேல் இருந்த பள்ளியின் தலைமையாசிரியர். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சீட்டாடுவார்கள். அந்த ஆட்டத்தில்தான் என்னை எந்தக் கிழமை யாருக்கு அனுப்புவது என்று முடிவாகும்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். கொஞ்சம் நெல் நிலம் வைத்திருந்த குடியானவர். அவருக்கு இந்த இரவல் சமாச்சாரத்தில் ஒரே தமாஷ்.

“உழவு மாட்ட இரவல் வாங்கறாப்புல எம் பொண்ண ஓட்டிக்கினு போறீங்களே சார். சாயங்காலம் தண்ணி காட்டி அனுப்புங்கோ” என்பார்.

ஆனால் என் மேல்படிப்பு என்றால் மட்டும் அவர் தமாஷ் செய்ய மாட்டார். எட்டாவதுக்கு மேல் படிக்கத் திருவள்ளூர்தான் போக வேண்டும், ஆஸ்டலில் தங்க வேண்டும். “அத்தினி டப்புக்கு நான் எங்க போவேன்? எட்டாவதோட போதும். கெவர்மெண்டே கூட்டிக்கினு போயி படிக்க வெச்சா போ, நான் வேணாங்கல” என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

எட்டாவது முடிந்தால் ஊத்துக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த என் அத்தை மகனுக்கு என்னைப் பேசி வைப்பதாக இருந்தது. நல்ல பிள்ளைதான். பஞ்சர் ஒட்டிய கையைக் கழுவாமல் மிட்டாய் கொடுப்பான், அது ஒன்றுதான் குறை. எனக்கோ படிக்க வேண்டும். பெரிய ஊரில், பெரிய பள்ளிக்கூடத்தில், எனக்குத் தெரியாத கேள்வியாகக் கேட்கும் வாத்தியார்களிடம் படிக்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. கெவர்மெண்டு எப்போது, எப்படி வந்து என்னைக் கூட்டிப் போகும் என்பதுதான் தெரியவில்லை.

நூறு நாள் கணக்கு

அக்கரைப் பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர். ஒல்லி. மூக்குக் கண்ணாடியைக் காதோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தார். பேச்சுக்கு நடுவே ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுவார்.

“இன்னைக்குத் திங்கட்கிழமை. இன்னும் நூறு நாள் கழிச்சு என்ன கிழமை வரும்?”

வகுப்பு தரையைப் பார்த்தது. நான் எழுந்தேன்.

“புதன்கிழமை சார்!”

“எப்படிச் சொல்றே?”

“ஏழு நாளுக்கு ஒரு தபா அதே கிழமை வரும் சார். தொண்ணூத்தெட்டு நாளு ஏழாலயே போயிடும். மிச்சம் ரெண்டு. திங்களுக்கு அப்பால ரெண்டு நாளு, புதன்.”

இன்ஸ்பெக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கஸ்தூரி, அப்பா பேர் ஏழுமலை. அக்கரைத் தலைமையாசிரியர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது ஆற்றங்கரைக் கொல்லியில், அதாவது புன்செய் நிலத்தில், சில பெண்கள் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என் வயசுப் பெண் ஒருத்தி சைக்கிளைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கையெல்லாம் செம்மண்.

“இன்ஸ்பெக்டரு இன்னா கணக்கு கேட்டாரு?” என்று என்னிடம் கேட்டாள்.

நான் பெரிய மனசு பண்ணிக் கணக்கைச் சொன்னேன், விடையைச் சொல்லவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் போய் மறுபடி கடலை பிடுங்க உட்கார்ந்துவிட்டாள். இதென்ன, ஒரு ‘அப்படியா’கூடச் சொல்லாமல் போகிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது.

“அதான் கஸ்தூரி. மெய்யான கஸ்தூரி” என்றார் தலைமையாசிரியர். “பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும் வாயே தொறக்காது. சுத்த மக்கு.”

ஒரே ஜாடை

வழக்கமாக ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் இன்ஸ்பெக்டர் வருகைக்கு நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். அதற்குள் அவர் என் முகத்தை மறந்திருப்பார். அந்தத் தடவை மட்டும் என்னவோ அவசரமாக மூன்று பள்ளியையும் ஒரே வாரத்தில் முடிப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நம்முடைய சீட்டாட்டக்காரர்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

புதன்கிழமை ரோட்டுப் பள்ளிக்கூடம். பேர் லோகநாயகி. இரட்டைச் சடையை ஒற்றையாக்கி, பாவாடை சட்டைக்குப் பதில் தாவணி கட்டி, நெற்றியில் பட்டையாக விபூதி பூசி என்னை நிறுத்தியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“உன்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?”

நான் சட்டென்று குனிந்து தாவணியைச் சரிசெய்தேன். ரோட்டுப் பள்ளித் தலைமையாசிரியர் அசரவில்லை.

“அக்கரையில இவ பெரியப்பா பொண்ணு ஒண்ணு கீது சார். கஸ்தூரின்னு. ரெண்டும் ஒரே ஜாடை.”

“ஜாடை மட்டுமா? தொண்டையும் ஒண்ணா இருக்கே!”

“குடும்பமே அப்பிடித்தான் சார்.”

அவர் தலையாட்டிவிட்டு அதே கணக்கை எடுத்தார். மனுஷன் கைவசம் ஒரே கணக்குதான் வைத்திருந்தார். எந்தக் கிழமை ஆனாலும் இரண்டைக் கூட்டினால் தீர்ந்தது. “இன்னைக்குப் புதன்கிழமை, நூறு...” என்று அவர் வாயெடுத்ததுமே நான் “வெள்ளிக்கிழமை சார்!” என்றேன்.

அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். கிராமத்துப் பிள்ளைகளில் திறமைசாலிகளைத் தேடி கெவர்மெண்டு ஒரு பரீட்சை வைக்கிறது. பள்ளிக்கு ஒருவரை எழுதச் சொல்லி, பஞ்சாயத்து யூனியனுக்கு இரண்டு பேரைப் பொறுக்குவார்கள். அந்த இரண்டு பேருக்கும் திருவள்ளூரில் ஹைஸ்கூல் படிப்பு, ஆஸ்டல், புத்தகம், சோறு, எல்லாம் கெவர்மெண்டு செலவு.

“லோகநாயகி, உன் பேரை எழுதிட்டேன். உன் அக்கா கஸ்தூரி பேரையும் எழுதிட்டேன். ரெண்டு பேரும் நல்லா எழுதணும், என்ன?”

நான் தலையாட்டினேன். கெவர்மெண்டு என்னைத் தேடிக்கொண்டு வந்தேவிட்டது. இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் வேறு யார் பேரையோ எழுதிக்கொண்டு போகிறது. அன்றைக்குக் கொடுத்த வடகறி எனக்கு இறங்கவே இல்லை.

உப்புமாக் கொட்டகை

மறுநாள் சாயங்காலம் பெரிய சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“கோவிந்தா, நாளிக்கி நம்ம ஸ்கூலுக்கு வர்றாரு. இத அவரு கண்ணுல காட்ட முடியாது. ரெண்டு எடத்துல பாத்துட்டாரு. மூணாவதா ஒரு ஜாடை சொன்னா நம்புவாரா? எங்க மூணு பேரு வேலையும் போயிடும்.”

“நீ இல்லன்னா ஸ்கூலே இல்லன்னு சொல்லுவீங்களே சார்” என்று நான் கத்தினேன். “நம்ம ஸ்கூலுக்கு யாரு பரீட்சை எழுதுவா?”

நைனா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும், தமாஷாக ஒரு வார்த்தைகூட வரவில்லை.

“அப்ப இது நாளிக்கி ஊட்லயே கெடக்கட்டும்” என்றார்.

“ஊட்ல இருந்தா சும்மா இருக்காது. ஜன்னல் வழியா வந்து எட்டிப் பாக்கும். என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும், உப்புமாக் கொட்டகையில.”

மக்காச்சோள மாவில் மதிய உணவு கிண்டும் கொட்டகை அது. கூடத்துச் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை நான் அங்கே ஆயாவோடு உட்கார்ந்து மஞ்சள் உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். அண்டா பெரிசு. புகை கண்ணைக் கரித்தது. அழுதால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம், அதனால் தாராளமாக அழுதேன்.

“வாய மூடிக்கினு கிண்டு” என்றாள் ஆயா. பெரிய சார் அவளிடம் சொல்லி வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. எட்டாம் வகுப்பில் பெண்கள் யாரும் இல்லையா என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று பெரிய சார் சொன்னார். பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி யாராவது?

“இல்லீங்க சார்” என்றார் பெரிய சார்.

அந்த ‘இல்லீங்க சார்’ எனக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. இரண்டாம் வகுப்பிலிருந்து என்னைத் தள்ளிக்கொண்டு வந்த மனுஷன். ஊர் ஊராக இரவல் கொடுத்த மனுஷன்.

“அப்போ யாருமில்லைன்னு எழுதிக்கிறேன்” என்றார் இன்ஸ்பெக்டர். பேனா ஓடியிருக்கும். “போகட்டும், பையன்களா, நீங்களாவது சொல்லுங்க பார்க்கலாம். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நூறு நாள் கழிச்சு என்ன கிழமை?”

நான் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆயா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டாவது தடவை கேட்டார். ஒருத்தனும் திறக்கவில்லை. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி தாங்குவாள்?

“ஞாயித்துக்கிழமை சார்! பள்ளிக்கூடம் லீவு சார்!”

ஆயா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“இல்லீங்க சார்” சொன்னவர்

இன்ஸ்பெக்டர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். பின்னால் பெரிய சார், அவர் பின்னால் மூன்று வகுப்பும். என் கன்னத்தில் உப்புமா ஒட்டியிருந்தது.

“நீ அக்கரைக் கஸ்தூரிதானே?”

நான் கரண்டியால் அண்டாவைச் சுரண்டினேன்.

“இல்லை, ரோட்டுப் பள்ளி லோகநாயகியா?”

பெரிய சாரைப் பார்த்தேன். அவர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக ஒரு ஜாடைப் பேரைச் சொன்னால் அவர் தப்பிப்பார். என் பேரைச் சொன்னால் நான் தப்பிப்பேன். யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் யாராவது கேள்வி கேட்டால் எனக்குச் சரியான விடைதான் வாயில் வரும், அதுவே வந்துவிட்டது.

“நாகரத்தினம் சார். இந்த ஸ்கூலு.”

“அப்போ கஸ்தூரி?”

“கடலை புடுங்கிக்கினு கீறா சார்.”

“லோகநாயகி?”

“அதுக்குக் கல்யாணம் ஆயிட்ச்சு சார்.”

இன்ஸ்பெக்டர் பொடி டப்பியைத் திறந்தார். போடாமலே மூடினார். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து, லோகநாயகியின் பேரை மெதுவாக அடித்தார். அவளை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்றைக்கும் எங்காவது யாராவது அந்தப் பேரைக் கூப்பிட்டால் ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறேன்.

“இந்தப் பள்ளியில யாருமில்லைன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு” என்றார் பெரிய சாரிடம். “இனி திருத்தினா ஏன் திருத்தினேன்னு மேலே விளக்கம் கேட்பாங்க. நான் என்ன சொல்றது?”

பெரிய சார் சாதாரணமாக இன்ஸ்பெக்டர் முன்னால் தலையைத் தூக்க மாட்டார். அன்றைக்குத் தூக்கினார்.

“நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க சார். இந்த ஸ்கூல்லருந்து அனுப்ப இவள வுட்டா வேற ஆளே கிடையாது. அத மறைச்சது நானு. மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். இவ பேர எழுதுங்க சார்.”

எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை புகையைச் சொல்ல முடியாது, அடுப்பு அணைந்து போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை மறுபடி மடியில் விரித்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார். என் பேரை, என் நைனா பேரை, என் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதினார்.

“கஸ்தூரி பேரு அப்படியே இருக்கும்” என்றார் எழுதி முடித்து. “மெய்யான கஸ்தூரி பரீட்சைக்கு வரணும். கடலைக் கொல்லியிலிருந்து கூட்டிவந்து பாடம் நடத்தச் சொல்லுங்க உங்க மச்சானை. அதான் அவருக்குத் தண்டனை.”

எழுந்தவர் அண்டாவை எட்டிப் பார்த்தார். “அடி பிடிச்சிருச்சே” என்றார். பிடித்துத்தான் இருந்தது. அதையே ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மெய்யான கஸ்தூரி

சொன்னபடி பெரிய சாருக்கு மெமோ வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார், வேலை தப்பியது. மச்சானோடு ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு மட்டும் நடந்தது.

பரீட்சை ஊத்துக்கோட்டையில். மெய்யான கஸ்தூரியை அக்கரைத் தலைமையாசிரியர் அதே சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டி வந்தார். இந்தத் தடவை மந்தார இலைப் பொட்டலம் அவள் மடியில் இருந்தது. பாவம், கடலை பிடுங்குகிற பெண், என்ன எழுதப் போகிறாள் என்று எனக்கு அவள் மேல் இரக்கம். பயப்படாதே, தெரிந்ததை எழுது என்று தைரியம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். வழக்கம்போல வாய் திறக்கவில்லை.

முடிவு வந்தது. எங்கள் யூனியனில் தேறிய இரண்டு பேரில் இரண்டாவது பேர் நாகரத்தினம்.

முதல் பேர் கஸ்தூரி.

நைனா சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். “கெவர்மெண்டு கூட்டிக்கினு போவுது எம் பொண்ண!” அத்தை மகன்கூட மிட்டாய் வாங்கி வந்தான், கை கழுவிவிட்டு. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்த ‘முதல் பேர்’ தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. கேள்வி கேட்டால் கணீரென்று பதில் சொன்னது நான். மக்கு என்று பேர் வாங்கினது அவள். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்றே நினைத்தேன்.

ஆஸ்டலில் சேர இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். டிரங்குப் பெட்டிகள் மேலே. நைனாவும் ஏழுமலையும் முன் சீட்டில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நானும் கஸ்தூரியும் பின்னால். ஜன்னல் வழியே பூண்டி ஏரிக் காற்று அடித்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

“அன்னிக்குக் கொல்லியில கணக்கு சொன்னேனே, நூறு நாள் கணக்கு. அதுக்கு வெட ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும். நீ சொல்லி முடிக்கறதுக்குள்ளயே வந்துட்ச்சு.”

“அப்ப ஏன் சொல்லல? ஸ்கூல்ல கூட நீ எதுவுமே சொல்ல மாட்டியாமே? உங்க சார் சொன்னாரு.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

“இன்ஸ்பெக்டரு வந்தா எம் பேர சொல்லித்தான் கேக்குறாங்கோ. ஆனா உன்னையத்தான கேக்குறாங்கோ? நான் எப்பிடிச் சொல்றது?”

திருவள்ளூர் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை.